பல் டாக்டரிடம் ஒரு பொய்

மழைக்கு ஒதுங்கிய இடத்தில் அவள் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. பல்லைப் பார்த்தாள்!

சில்லென்ற காற்று வாய்க்குள் புகுந்ததும் அவன் "ஸ்ஸ்..." என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டதுதான் தாமதம்.

"எவ்வளவு நாளா கூசுது?"

திரும்பினான். மழைத்துளி சொட்டும் இமைகள்... அதற்குக் கீழே, சிரிக்கத் தயாராக இரண்டு கண்கள்.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க."

"அப்புறம் ஏன் உதட்டுக்குப் பூட்டு போட்டிருக்கீங்க? நான் பல் டாக்டர். மாடியிலதான் க்ளினிக். வாங்க, பிடுங்க மாட்டேன்!"

நாற்காலியில் சாய்த்துவிட்டுக் கேட்டாள். "என்ன வேலை பார்க்கறீங்க?"

ஐஸ்கிரீம் கம்பெனியில் ருசி பார்க்கும் வேலை. அவன் நாக்கைத் தாண்டாமல் ஒரு டப்பா வெளியே போகாது. அவனுக்கே பல் கூச்சம் என்று மேனேஜர் காதுக்குப் போனால்... சீட்டு கிழிந்துவிடும்.

"டைப்பிங்..." என்றான்.

"சொத்தை இல்ல, விரிசல் இல்ல. பல்லோட மேல்பூச்சு தேஞ்சிருக்கு. மெத்துன்னு ஒரு பிரஷ், கூச்சத்துக்குன்னு இருக்கற பேஸ்ட். அழுத்தித் தேய்க்காதீங்க."

சொன்னபடி செய்தான். மூன்று வாரமாகியும் குறையவில்லை. மறுபடி போய்க் காட்டியபோது, பல்லைப் பார்த்துவிட்டு அவள் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"தேய்மானம் ஜாஸ்தியாயிருக்கு. உங்க பல் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. பொய் சொல்ற பேஷண்ட்டுக்கு என்கிட்ட மருந்தில்ல சார். கிளம்புங்க."

ரோஷத்தோடு இறங்கியவன் பாதிப் படியில் நின்றான். வேலை போனால் வேறு வேலை... அந்தக் கண்களில் பொய்யனாகவே தங்கிவிட்டால்?

மேலே ஏறினான். மூச்சு வாங்கியபடியே சொன்னான்.

"ஐஸ்கிரீம் டேஸ்டருங்க நான். எலுமிச்சை, ஆரஞ்சு... ஒரு ருசி அடுத்ததுல ஒட்டக் கூடாதுன்னு நடுநடுவுல பல் தேய்ப்பேன். தினம் எட்டு தடவை."

"எட்டா! புளிப்பு பட்ட பல் கொஞ்ச நேரம் இளகியிருக்கும் ஐயா! அப்பப் போய்த் தேய்ச்சா, ஈரச் சுண்ணாம்பைச் சுரண்டற மாதிரி. நடுவுல வெறும் தண்ணியில கொப்பளிங்க, போதும். பிரஷ் காலையும் ராத்திரியும் மட்டும்."

மறுநாள் மேனேஜரிடமும் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டான்.

"எனக்கு வேண்டியது உன் நாக்குய்யா, பல்லு இல்ல! ஒரு மாசம் பேக்கிங்ல நில்லு. சரியானதும் வா!"

வாரா வாரம் அவளிடம் காட்டியபடியே மாதம் முடிந்தது. அவள் பல்லில் காற்றடித்துப் பார்த்தாள். அவன் அசையவில்லை.

"இனிமே ஆறு மாசம் கழிச்சு வந்தா போதும்."

ஆறு மாதமா... அவனுக்குச் சுருக்கென்றது. பல்லில் அல்ல.

"இன்னொரு பொய்யும் சொல்லியிருக்கேன் டாக்டர். கூச்சம் நின்னு பத்து நாளாச்சு. போன வாரம் காத்தடிச்சப்ப சும்மாதான் துள்ளினேன். உங்களைப் பார்க்கணும்னு..."

"தெரியும். அன்னிக்கு நான் காத்தே அடிக்கல."

"அப்ப ஏன் திரும்ப வரச் சொன்னீங்க?"

கையுறையைக் கழற்றினாள். அவன் ஃபைலை நீட்டினாள். டாக்டர் என்ற இடத்தில் அவள் பெயர் கோடு போட்டு அடிக்கப்பட்டு, வேறொரு பெயர் எழுதியிருந்தது.

"பக்கத்து ரூம்ல இருக்கற எங்க அண்ணன். இனிமே உங்க பல்லை அவன்தான் பார்ப்பான்."

"நீங்க...?"

இமைகள் தாழ்ந்தன.

"பேஷண்ட்கிட்ட டாக்டர் சொல்லக் கூடாத ஒண்ணு... எனக்குச் சொல்லணும்."