உள்ளே விடு

கையேட்டின் ஏழாவது படியில், அவள் எழுதாத ஒரு பொத்தானின் பெயர் தடித்த எழுத்தில் நின்றது: உள்ளே விடு.

வீட்டுக் கதவைத் தொடுதிரையால் பூட்டும் மென்பொருளுக்குப் பயனர் கையேடு எழுதுபவள் அவள். திரையில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஓர் எழுத்து பிசகாமல், பொத்தானின் பெயரைத் தடித்த எழுத்தில் போட வேண்டும். திரையில் இல்லாத எதையும் அப்படிப் போடக் கூடாது. இதற்காக எல்லோரிடமும் மல்லுக்கு நின்று, அலுவலகத்தில் ‘கொட்டை எழுத்து அக்கா’ என்றே பெயராகிவிட்டது. இந்த மென்பொருளில் இருப்பது இரண்டே பொத்தான்கள். பூட்டு. திற.

சனிக்கிழமை மாலை. ஆளில்லாத கூடத்தில் ஏசியின் இரைச்சலும், யாரோ கழுவாமல் விட்டுப்போன காபிக் கோப்பையின் புளித்த வாடையும், மேசை மேசையாக நீண்டுகொண்டு வரும் ஜன்னல் நிழலும் தவிர வேறொன்றும் இல்லை. புரோகிராமரைப் போனில் பிடித்தாள்.

“தம்பி, ‘உள்ளே விடு’ன்னு புதுசா பட்டன் ஏதாவது வச்சீங்களா?”

“இல்லக்கா. சொல்லாம வச்சிருந்தா என்னை உசுரோட விட்டிருப்பீங்களா?”

சிரித்துக்கொண்டே அந்த வரியை அழித்துச் சேமித்தாள். நிமிர்ந்தபோது அது அங்கேயே இருந்தது, முன்னைவிடக் கறுப்பாக. தடிப்பை எடுத்தாள். எழுத்துகள் மெலிந்தன. பிறகு, சுவரில் ஈரம் ஊறுவதுபோல் மெல்ல மெல்ல மறுபடி தடித்தன. கீழே ஒரு வரி கூடியிருந்தது.

வெளியே நிற்பவர் அம்மாவின் குரலில் பேசுவார்.

சோதித்துப் பார்க்க அந்தப் பூட்டைப் போன வாரம்தான் தன் வீட்டில் மாட்டியிருந்தாள். கணவர் இந்நேரம் கடைக்குப் போயிருப்பார். எட்டு வயது மகள் தனியாக.

வீட்டுக்குப் போன் அடித்தாள். ஒரு மணி. இரண்டு. மூன்று.

“அம்மா! வாசல்ல நின்னுக்கிட்டு எதுக்குப் போன் பண்றே? இரு, திறக்கறேன். கதவுல புது பட்டன் வந்திருக்கு.”

“தொடாதே! நான் ஆபீஸ்ல இருக்கேன். கண்ணு, தொடாதே!”

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

பூட்டு விலகியது. கதவு. செருப்பைக் கழற்றும் சத்தம், ஒன்று, பிறகு நிதானமாக இன்னொன்று.

ரிசீவருக்கு மிக அருகே, அவளுடைய சொந்தக் குரல்:

“யாரு கண்ணு போன்ல?”

“தெரியலம்மா,” என்றாள் மகள்.