மூன்றாம் மேசையிலிருந்து ஒரு பக்கம்

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை என்று, எழுதுகிற இந்தக் கையின் மீது சத்தியம் செய்கிறேன். நடந்ததை எனக்குச் சொன்னவள் என் மனைவி. அவள் பொய் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அவளுக்கு மருத்துவமனையின் பதிவுப் பிரிவில் வேலை. யாராவது இறந்தால் அன்றே பதிவாளர் அலுவலகத்துக்கு ஒரு பக்க அறிவிப்பை ஃபேக்ஸ் செய்ய வேண்டும். அது போய்ச் சேர்ந்தால்தான் இறந்தவர் முறைப்படி இறந்தவர். முன்பு அதற்கென்று ஓர் இயந்திரம் இருந்தது. இப்போது உட்கார்ந்த இடத்திலேயே கணினியில் படிவத்தை நிரப்பித் தட்டிவிட்டால் போதும். எல்லா மேசைகளிலிருந்தும் போவது பின்னறை சர்வரில் வரிசை கட்டி நிற்கும். அங்கிருக்கும் ஒற்றை மோடம் ஒவ்வொன்றாக அனுப்பும். எதிர்முனை எங்கேஜ்டாக இருந்தால் ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி. மூன்று தடவையும் கிடைக்காவிட்டால் கைகழுவி, அனுப்பியவருக்கே திருப்பிவிடும்.

அன்று சனிக்கிழமை. மற்றவர்கள் மத்தியானமே கிளம்பிவிட்டார்கள். மழைக்கு முந்திய மூட்டம் ஜன்னலை அடைத்து நிற்க, தரை துடைத்த மருந்து நெடியும் பழைய காகித வாசனையும் கலந்து அறைக்குள் தேங்கியிருக்க, தலைக்கு மேல் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை யாரோ நாக்கைச் சொடுக்குவதுபோல் ஒலித்துக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரமாக அவள் எதையும் அனுப்பவில்லை. ஆனால் திரையின் மூலையில், வரிசையில் ஒரு வரி நின்றது.

அனுப்புநர்: மூன்றாம் மேசை. பக்கம்: ஒன்று. நேரம்: 4.00.

மூன்றாம் மேசைக் கணினியைப் போன வருடமே பழைய சாமான்காரன் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அது இருந்த இடத்தில் நிறம் மங்காத ஒரு சதுரம் மட்டும்தான் மிச்சம்.

திறந்து பார்த்தாள். இறந்தவர் பெயர் என்ற கட்டத்தில் என் பெயர்.

அதைப் போட்டவள் அவளேதான். இரண்டு வருடத்துக்கு முன் மென்பொருளைப் பொருத்த வந்தவர், "சோதிச்சுப் பாக்க ஏதாவது ஒரு பேரைப் போடுங்க மேடம். தேதியை ரொம்பத் தள்ளிப் போடுங்க, அதுக்குள்ள அழிச்சிடலாம்" என்றார். அன்று காலைதான் நான் ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டதற்காக வீட்டில் பெரிய ரகளை. அப்போது மூன்றாம் மேசை அவளுடையது; அங்கே உட்கார்ந்து யோசிக்காமல் என் பெயரையும், இரண்டு வருடம் தள்ளி ஒரு தேதியையும் தட்டினாள். அழிக்க ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஆனால் அவள் போட்டது பெயரும் தேதியும் மட்டும். இப்போது எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. காரணம்: மாரடைப்பு. நேரம்: மாலை 4.10. கீழே டாக்டரின் கையெழுத்து.

மணி 3.57.

நீக்கப் பார்த்தாள். 'அனுப்பிய கணினியிலிருந்து மட்டுமே நீக்க முடியும்.' பின்னறைக்கு ஓடி மோடத்தின் தொலைபேசி வயரைப் பிடுங்கினாள். வயர் அவள் கையில் தொங்கியது. மோடத்தின் பச்சை விளக்கு நிதானமாக மின்னிக்கொண்டிருந்தது.

கையில் செல்போன். வீட்டுக்கா, பதிவாளருக்கா? வீட்டுக்குப் பேசினால் நான் சாவதைக் காதால் கேட்கலாம், அவ்வளவுதான். பதிவாளர் அலுவலகத்திலோ பேச்சுக்கும் ஃபேக்ஸுக்கும் ஒரே லைன்.

பதிவாளர் அலுவலக எழுத்தர் எடுத்தார்.

"சார், ஒரு சந்தேகம். பேரு பெரிசா இருந்தா ரெண்டு வரியில எழுதலாமா?"

"பத்து வருஷமா அப்படித்தானே அனுப்பறீங்க மேடம்?"

மோடம் எண்களைச் சுழற்றியது. வயர் இல்லாமல். எங்கேஜ்டு. ஒன்று.

"சரி, இனிஷியலுக்குப் புள்ளி வைக்கணுமா?"

"என்ன மேடம், இன்னைக்கு உங்க ஆஸ்பத்திரியில யாருமே சாகலையா? இவ்வளவு நிதானமா பேசறீங்க."

எங்கேஜ்டு. இரண்டு.

அவர் வீட்டுக் குழாய் ஒழுகுவதை விசாரித்தாள். மகளின் பரீட்சையை விசாரித்தாள். மூட்டு வலிக்கு என்ன தைலம் என்று கேட்டாள். உள்ளங்கை வேர்த்து செல்போன் வழுக்கியது.

4.10. எங்கேஜ்டு. மூன்று.

'அனுப்ப இயலவில்லை.'

துண்டித்துவிட்டு வீட்டு எண்ணை அழுத்தினாள். நான்கு முறை மணி அடித்து, ஐந்தாவதில் ஒரு கொட்டாவி கேட்டது.

"என்னடி, மத்தியானமாவது தூங்க விடமாட்டியா?"

அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"துண்டு எங்க கிடக்கு?"

"வேற எங்க? கட்டில் மேலதான்."

"கிடக்கட்டும்" என்றாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. "நல்லாக் கிடக்கட்டும்."

அப்போதுதான் முன்னறையில் பிரிண்டர் உறுமியது. செல்போனைக் காதில் வைத்தபடியே போனாள். ஒரே ஒரு பக்கம். சூடாக இருந்தது. மேலே, 'அனுப்பியவருக்கே திருப்பப்பட்டது.' பெயர்க் கட்டத்தில் என் பெயர் இல்லை. அனுப்பியவர் பெயர் இருந்தது, அவளுடைய பெயர்.

நேரம்: மாலை 4.14.

சுவர்க் கடிகாரம். 4.13.

பின்னறையில் மோடம் எண்ணைச் சுழற்றியது. ஏழு எண்கள். துண்டிக்கணும். பதிவாளரைக் கூப்பிடணும். விரல் வழுக்கியது.

எங்கேஜ்டு இல்லை.

மணி ஒருமுறை அடித்தது. இரண்டாம் முறை. பிறகு அந்த நீண்ட சீழ்க்கை. பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க," என்றாள் போனில். "கேக்குதா? நான் பேசறது கேக்குதா?"

மறுமுனையில் துண்டை உதறி, கொடியில் போடும் சத்தம். பிறகு என் குரல், ரொம்ப மரியாதையாக.

"கேக்குதுங்க. நீங்க யாரு பேசறது?"

எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.