நறுக்காத வால்

காலை ஏழு பத்து. வாசல் சரிவின் அடியில் மின் சக்கர நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. அக்கா அதன் கீழே கிடந்தாள். தம்பி நாற்காலியைப் புரட்டி நிறுத்தியபோது அவளுக்கு மூச்சு இல்லை.

ஒன்பது மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். குறைவாகப் பேசும் பெண். மெக்கானிக்கையும் வரவழைத்திருந்தார். முந்தின மாலை நாற்காலியைக் கையால் திருப்பி ஓட்டப் புது ஜாய்ஸ்டிக் பொருத்தி, ஒயரிங் செய்துவிட்டுப் போனவன் அவன்.

"இவன்தான் மேடம்," என்றான் தம்பி. "ஒயர மாத்தி மாட்டிட்டான். ரெண்டு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் அக்கா தனியா வேலைக்குப் போறதா இருந்தா."

நாற்காலியைச் செங்கல் மேல் ஏற்றி, சக்கரங்கள் தரையில் படாமல் நிறுத்தினார்கள். இன்ஸ்பெக்டர் ஜாய்ஸ்டிக்கை வலப்பக்கம் சாய்த்தார். இடப்பக்கம் திரும்பும்போது சுழல வேண்டிய சக்கரம் சுழன்றது. இரண்டு மோட்டார்களின் ஒயர் சொருகிகளும் இடம் மாறியிருந்தன.

மெக்கானிக் சொருகிகளை உற்றுப் பார்த்தான்.

"இது என் வேலை இல்ல மேடம்."

"எல்லாரும் அதத்தான் சொல்வாங்க."

"நேத்து இதே மாதிரி தூக்கி வெச்சு ஓட்டிப் பாத்தேன். அப்புறம் அக்காவே ஏறி வீட்டுக்குள்ள ஒரு சுத்து வந்தாங்க. வேகத்தக் குறைச்சு வெச்சிருந்தேன். 'ஆமை பாத்தா சிரிக்கும்டா'ன்னாங்க."

இன்ஸ்பெக்டர் மண்டியிட்டு இருக்கையின் அடியில் டார்ச் அடித்தார். ஒயர்களைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கியிருந்தது. எல்லா டைகளிலும் இறுக்கியபின் மிஞ்சும் வாலை ஒட்ட நறுக்கியிருந்தது. மோட்டார் சொருகிகளைப் பிடித்திருந்த டை மட்டும் விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

"இத ஏன் நறுக்கல?"

மெக்கானிக் குனிந்து பார்த்தான். "நான் வால் விடமாட்டேன் மேடம். அக்காவுக்குக் கால்ல உணர்ச்சி கிடையாது. கிழிச்சாக்கூடத் தெரியாது."

"மிச்ச டை?"

"ஒரு கட்டு இங்கதான் வெச்சுட்டுப் போனேன். அலமாரியில."

தம்பி அலமாரியைப் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் தரையில் இறக்கச் சொன்னார். ஏறி உட்கார்ந்தார். ஜாய்ஸ்டிக்கைத் தள்ளிவிட்டுக் கையை எடுத்தார். டக்கென்ற சத்தத்துடன் நாற்காலி நின்றது. மறுபடியும் செய்தார். மறுபடியும் நின்றது.

இறங்கி வாசலுக்குப் போனார். சரிவில் படிந்திருந்த தூசியில் இரண்டு சக்கரத் தடங்கள், மேலிருந்து கீழ்வரை கோடு போட்டதுபோல நேராக இறங்கின. இழுபட்ட அடையாளம் எங்கும் இல்லை.

"சொருகி மாறினா திரும்புற பக்கம் மாறும்," என்றார் தம்பியிடம். "ஆனா கைய எடுத்தா பிரேக் தானா பிடிக்கும். இது பிடிக்கல. நேரா உருண்டு போயிருக்கு. எப்ப அப்படிப் போகும்?"

மெக்கானிக் மெல்லச் சொன்னான்.

"லீவர் முன்னாடி இருந்தா."

பின்சக்கரங்களை ஒட்டி இரண்டு லீவர்கள். முன்பக்கம் சாய்த்தால் மோட்டாரும் பிரேக்கும் விட்டுவிடும். ஜாய்ஸ்டிக் வேலை செய்யாது, கையால் தள்ளலாம். பின்பக்கம் சாய்த்தால் பிடித்துக்கொள்ளும். இப்போது இரண்டும் பின்பக்கம்தான் இருந்தன.

"விழுந்தப்புறம் நாற்காலியத் தொட்டது நீங்க ஒருத்தர்தான்," என்றார் இன்ஸ்பெக்டர். "லீவரத் தள்ளுனதும் நீங்க. சொருகிய மாத்துனதும் நீங்க. புது டை போட்டீங்க. வால நறுக்க மறந்துட்டீங்க."

தம்பி சரிவின் விளிம்பில் உட்கார்ந்தான்.

"சார்ஜ் போட சுவர் பக்கம் தள்ளணும்னு நேத்து லீவர முன்னாடி போட்டேன். காலைல ஜாய்ஸ்டிக் வேலை செய்யல. வாசல் வரைக்கும் நானே தள்ளிட்டு வந்தேன். இவனக் கூப்பிடலாம்னு போன எடுக்க உள்ள போனேன். அதுக்குள்ள உருண்டுடுச்சு மேடம். அப்புறம்தான் லீவரப் பாத்தேன். பயந்துட்டேன்."

"பயந்து, பழிய இவன் தலைல கட்டிட்டீங்க. வண்டில ஏறுங்க."

மெக்கானிக் லீவரைப் பிடித்தபடி நின்றான். இனி யாரும் அவனைப் பிடித்துக்கொண்டு போகப்போவதில்லை.

"நேத்தே ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே அண்ணே."

"கேட்டேனே." தம்பி நிமிர்ந்தான். "நீ போனதும் போன் பண்ணேன். வண்டி ஓட்டிட்டிருந்த. லீவர என்ன பண்றதுன்னு கேட்டேன். 'பின்னாடி போட்டுடுங்க'ன்ன. சரி, அப்புறமா போட்டுக்கலாம்னு விட்டுட்டேன்."

லீவரிலிருந்து மெக்கானிக்கின் கை நழுவியது. தம்பி அவனைப் பார்த்துக் கேட்டான்.

"நீ சொன்னது எந்தப் பின்னாடிடா?"