பதினேழாவது பிளாட்டில் அளக்கிறவர்

பிற்பகல் மூன்று மணிக்கு ஜீப் வனக்காவலரின் குடியிருப்பு வாசலில் நின்றது. இரண்டே அறைகள். ஈரம் ஏறி உப்பிய சுவர், ஆணியில் தொங்கும் காக்கிச் சட்டை, மூலையில் சுருட்டி வைத்த மழைக்கோட்டுகள். அவள் இறங்கி முதுகை நிமிர்த்தினாள். காட்டுப் பக்கமிருந்து மக்கிய இலையின் வாசனை வந்தது. ஐந்து வருடத்தில் மறந்துவிட்டதாக அவள் நினைத்திருந்த வாசனை.

காட்டு மரங்கள் எவ்வளவு கார்பனைத் தேக்கி வைத்திருக்கின்றன என்று கணக்கிட்டுச் சொல்லும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. காட்டுக்குள் ஆங்காங்கே இருபது மீட்டர் சதுரமாகக் கயிறு கட்டுவார்கள். அதுதான் ஒரு பிளாட். உள்ளே நிற்கும் ஒவ்வொரு மரத்திலும் எண் பொறித்த தகரத் துண்டை ஆணி அடித்து மாட்டி, நெஞ்சுயரத்தில் சுற்றளவு எடுப்பார்கள். ஐந்து வருடம் கழித்து அதே மரங்களை மறுபடி அளந்தால், காடு வளர்ந்ததா தேய்ந்ததா என்று தெரிந்துவிடும்.

"ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிற மாதிரிதான் மேடம் நம்ம பொழப்பு. மரம் மட்டும் டைட்டா இருக்குன்னு சண்டைக்கு வராது," என்றான் கூட வந்த நெட்டை. அளவெடுப்பது அவன் வேலை. அவனுடைய உண்மைப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் சிரித்தாள். வனக்காவலர் சிரிக்கவில்லை. வரைபடத்தை மேசையில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லா பிளாட்டுக்கும் கூட்டிட்டுப் போறேன்மா. அந்தப் பதினேழு மட்டும் வேண்டாமே."

"ஏண்ணே?"

"அங்க வேலை நடந்துட்டிருக்கு."

"யாரு வேலை?"

அவர் வரைபடத்தை மடித்தார்.

பதினேழாவது பிளாட்டில் யாரும் எந்த வேலையும் செய்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஏனென்றால் பழைய அறிக்கையில் அந்தப் பக்கத்தை எழுதியவளே அவள்தான்.

ஐந்து வருடத்துக்கு முன்பு அவளும் அவள் கணவனும் சேர்ந்து அளக்க வந்தார்கள். அவன் நாடாவைச் சுற்றி, மரத்தின் எண்ணையும் அளவையும் உரக்கச் சொல்வான். அவள் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுவாள். அவள் சொல்லாமல் அவன் அடுத்த மரத்துக்கு நகர மாட்டான். பத்தொன்பது பிளாட் முடிந்தது. மிச்சம் இருந்தது மேட்டின் உச்சியில் இருந்த பதினேழு. மூன்று நாள் விடாத மழை. வீட்டில் இரண்டு வயது மகளுக்குக் காய்ச்சல்.

"பதினாறையும் பதினெட்டையும் பார்த்து நானே போட்டுக்கறேன். யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள். அவன் நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்தான். ஊர் திரும்பினார்கள். அறிக்கை போனது.

பத்தாம் நாள் விடிகாலை அவன் பையை எடுத்து மாட்டினான். "அந்தப் பதினேழு என்னைத் தூங்க விடமாட்டேங்குது. ஒரு எட்டு போய் அளந்துட்டு வந்துடறேன்."

பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"போய்த் தொலைங்க."

தேடிப்போனவர்கள் மூன்றாம் நாள் அவனைக் கண்டெடுத்தார்கள். மேட்டுக்கு வெகு கீழே, ஓடைப் பள்ளத்தில். பிளாட்டை அவன் எட்டவே இல்லை. பையில் தகரத் துண்டுகள் கட்டுப் பிரிக்காமல் இருந்தன. அந்தப் பையைப் பரண்மேல் போட்டவள் அவளேதான்.

இந்த முறை வேறு யாராவது வந்தால், அந்த மரங்களில் ஆணி அடித்த தடமே இல்லை என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால்தான் மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டு, தானே வருவதாகக் கேட்டு வாங்கி வந்தாள். தகரம் விழுந்திருக்கும், மழையில் அடித்துப் போயிருக்கும் என்று நெட்டையிடம் சொல்லிக்கொள்ளலாம். பொய்யைச் சொல்லவேண்டிய குரலைக்கூட மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள்.

ஆறு நாளில் பத்தொன்பது பிளாட் முடிந்தது. ஏழாம் நாள் காலை மூன்று பேரும் மேடு ஏறினார்கள். மூடுபனி பத்தடிக்கு அப்பால் எதையும் காட்டவில்லை. வழி நெடுக ஒலித்த பறவைகள், மேட்டின் விளிம்பு வந்ததும் ஓய்ந்தன. பூச்சிச் சத்தமும் நின்றது. இலையிலிருந்து நீர் சொட்டுவது மட்டும் கேட்டது.

நெட்டைதான் முதலில் பார்த்தான்.

"தகரம் எல்லாம் புதுசு மாதிரி இருக்கே மேடம்."

அவள் அருகே போனாள். தகரத்தில் துரு இல்லை. ஆணியைச் சுற்றிப் பால் கசிந்து இன்னும் உலராமல் இருந்தது. அடுத்தடுத்த மரங்களிலும் தகரங்கள். ஏழாவது மரத்தின் எண்ணில், ஏழின் நடுவே ஒரு குறுக்குக் கோடு. அவள் கணவன் ஒருவன்தான் ஏழை அப்படிப் போடுவான்.

மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன மேடம்?"

"ஒண்ணுமில்ல. ஆரம்பி."

நெட்டை முதல் மரத்தில் நாடாவைச் சுற்றினான். எண்ணைப் படிக்க அவன் வாயைத் திறக்கும் முன்பே, பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. களைத்த குரல். அவசரமில்லாத குரல்.

"ஒண்ணு. எழுபத்தி நாலு."

நெட்டை குனிந்து நாடாவைப் பார்த்தான். "எழுபத்தி நாலுதான் மேடம்," என்று கிசுகிசுத்தான்.

"ஒண்ணு. எழுபத்தி நாலு."

மறுபடி அதே. கொஞ்சம் காத்திருந்துவிட்டு, மறுபடி அதே.

வனக்காவலர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "அஞ்சு வருஷமா இதேதாம்மா. வருஷா வருஷம் அளவு மட்டும் கொஞ்சம் கூடும். குரல் முதல் மரத்தைத் தாண்டறதே இல்ல. பதில் சொல்ல ஆளில்லையே." சற்று நிறுத்தினார். "அன்னைக்கு அவரைத் தூக்கிட்டு வந்ததுல நானும் ஒருத்தன்."

மூட்டுவலித் தைலத்தின் வாசனை வந்தது. ஏற்றம் ஏறுகிற நாளில் அவன் முழங்காலுக்குத் தேய்க்கிற தைலம்.

அவள் பலகையில் தாளைச் செருகினாள். திருப்பிச் சொன்னாள்.

"ஒண்ணு. எழுபத்தி நாலு."

ஈர இலையை மிதிக்கும் சத்தம். யாரோ அடுத்த மரத்துக்கு நடந்தார்கள்.

"ரெண்டு. நூத்தி முப்பத்தாறு."

"ரெண்டு. நூத்தி முப்பத்தாறு," என்று அவள் எழுதினாள். பேனா தாளைக் கிழித்தது.

அப்படியே முப்பத்தேழு மரங்கள். நெட்டை பின்னாலேயே போய் ஒவ்வொன்றையும் நாடா போட்டுப் பார்த்தான். ஒரு சென்டிமீட்டர்கூடப் பிசகவில்லை. பாதிக்கு மேல் அவன் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான். ஏன் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"முப்பத்தேழு. தொண்ணூத்தி ஒண்ணு."

"முப்பத்தேழு. தொண்ணூத்தி ஒண்ணு."

அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. அவள் பலகையைக் கீழே வைத்தாள். ஐந்து வருடமாக நெஞ்சில் முள்ளாய்க் கிடந்த 'போய்த் தொலைங்க' என்ற அந்த வார்த்தையைப் பிடுங்கிப் போட அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. பனியைப் பார்த்துச் சொன்னாள்.

"போதும்ங்க. வேலை முடிஞ்சுது. வீட்டுக்கு வாங்க."

எங்கோ ஒரு பறவை கூவியது. அதற்கு இன்னொன்று பதில் சொன்னது.

புதிய அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அவள் எழுதினாள்: முந்தைய அறிக்கையில் பதினேழாம் பிளாட்டின் எண்கள் அளந்து எழுதியவை அல்ல, நானாக இட்டவை. மேலாளர் போனில் கத்தினார். "ஏங்க, யாருமே கேட்காதப்போ நீங்களா ஏன் வாயைக் கொடுத்து மாட்டிக்கறீங்க? இனி எந்தக் காட்டுக்கும் உங்களை அனுப்ப முடியாது, வேலையிலயும் வெச்சுக்க முடியாது, தெரியுமா?"

"தெரியும் சார்," என்றாள். அழுகை வரவில்லை. வெகு நாளைக்குப் பிறகு பசித்தது.

அன்று சாயங்காலம் அலுவலகத்தில் மேசையைக் காலி செய்து, பொருள்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வாசலில் செருப்பின் வார் சிக்கிக்கொண்டது. குனிந்து கழற்றிவிட்டு உள்ளே போனாள். மகள் சமையலறைக் கதவின் நிலைக்கட்டையில் முதுகை ஒட்டி, விறைப்பாக நின்றுகொண்டிருந்தாள். ஏழு வயது.

"என்னடி பண்றே?"

மகள் நகர்ந்தாள். நிலைக்கட்டையில் பென்சில் கோடுகள். கீழே இருந்த இரண்டும் பழையவை. குழந்தையின் முதல் இரண்டு பிறந்தநாளுக்கு அவன் போட்டவை. அவன் போன பிறகு அவள் அதைத் தொடரவில்லை.

அவற்றுக்கு மேலே இப்போது ஐந்து கோடுகள் இருந்தன. வருடத்துக்கு ஒன்றாக, பக்கத்தில் சின்ன எழுத்தில் சென்டிமீட்டர் கணக்கோடு.

கடைசிக் கோட்டை விரலால் தொட்டாள். பென்சில் கரி விரலில் ஒட்டியது.

"சித்தி போட்டாளா?"

"சித்தி மாடியில துணி எடுக்கறா."

"அப்புறம் யாரு?"

"தெரியல. நிமிர்ந்து நில்லு, குதிகாலைத் தூக்காதேன்னு சொன்னாங்க. நின்னேன்."

"எப்போ?"

"இப்பத்தாம்மா. நீ செருப்பைக் கழட்டிட்டு இருந்தியே, அப்போ."