டேப்பின் மறுமுனை

கல் நகராது. மனிதர்கள்தான் நகர்த்துவார்கள், நகர்த்திவிட்டுக் கல்லின் மேல் பழியைப் போடுவார்கள்.

ஜீப்பிலிருந்து இறங்கும்போது அவள் இதைத்தான் நினைத்துக்கொண்டாள். நில அளவை வேலைக்கு வந்த நாளிலிருந்து எந்தத் தகராறிலும் அவளைக் கைவிடாத நினைப்பு அது.

சாலையோரத்தில், முள்கம்பி வேலியை ஒட்டி, இடுப்பளவு உயரம்கூட இல்லாத ஒரு செங்கல் மாடம். உள்ளே ஒரு விளக்கு. விளக்குக்குப் பின்னால் மழையில் வெளிறிப்போன ஒரு சிறுமியின் படம். பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கிச் சாலையைக் கடந்தவளை லாரி அடித்துப்போட்ட இடத்தில் அவள் அம்மா தன் கையாலேயே கட்டியது. முதலில் அந்த அம்மா மட்டும்தான் விளக்கேற்றினாள். பிறகு அந்த வழியாகப் போகும் லாரிக்காரர்கள் நின்று எண்ணெய் ஊற்றினார்கள். மாடம் கோயிலாகிவிட்டது.

இப்போது அதை இடிக்க வேண்டும். சாலை அகலமாகிறது, மரக்கடைக்கும் புது வாசல் வருகிறது. இடிப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. யார் கையால் இடிப்பது என்பதில்தான் சண்டை. மாடம் யார் இடத்தில் நிற்கிறதோ அவர் இடிக்க வேண்டும்.

"வேலிக்கு உள்ள இருக்கு சார். உங்க இடம், உங்க கோயில்," என்றார் சாலைப் பொறியாளர்.

"கட்டுனப்ப ரோட்டுலதானே இருந்துச்சு? ராத்திரியோட ராத்திரியா தூக்கி என் வேலிக்குள்ள வெச்சுட்டு, என் கோயிலாம்." மரக்கடைக்காரர் குரலை உயர்த்தினார். "பொதுச் சொத்தை எனக்கு எதுக்கு சார் தானம் பண்றீங்க?"

"ரோட்டுல குழி மூடவே எங்களுக்கு ஆள் இல்ல. கோயில் தூக்க ஆள் வெச்சிருக்கோமா?"

அவளுடைய உதவியாளர், டேப்பின் மறுமுனையைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவர், அவள் பக்கம் சாய்ந்தார். அளவுச் சங்கிலி பிடித்த காலத்திலிருந்தே ஆபீசில் அவருக்குச் 'சங்கிலி' என்றுதான் பெயர். "வரம் குடுக்கற சாமியா இருந்தா இந்நேரம் ஆளுக்கொரு பக்கம் புடிச்சு இழுத்திருப்பாங்க மேடம்."

அவள் சிரிக்கவில்லை. இதற்கு முன்னால் இரண்டு பேர் அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். முதலாமவர் மாடம் சாலையில் இருக்கிறது என்றார். அடுத்தவர் சரியாக எல்லைக் கோட்டின் மேல் என்றார். ஒருவருக்குக் கண் சரியில்லை, இன்னொருவர் விலைபோய்விட்டார் என்று ஊர் பேசியது. அவளும் அதைத்தான் நம்பிக்கொண்டு வந்தாள்.

எல்லைக்கல்லிலிருந்து தொடங்கினாள். மாடம் முழுவதும் மரக்கடை நிலத்துக்குள் இருந்தது. மறுபடி அளந்தாள். இந்தத் தொழிலில், தொடங்கிய கல்லுக்கே அளந்துகொண்டு திரும்பி வர வேண்டும். இம்மி பிசகாமல் வந்து சேர்ந்தால் அளவு சரி. வந்து சேர்ந்தது.

பிறகுதான் வேலியைப் பார்த்தாள்.

கம்பிகள் துருவேறி இருந்தன. எங்கும் வெட்டுப்படவில்லை, முறுக்கி ஒட்டுப்போடவில்லை. காய்ந்த கொடி ஒன்று கீழிருந்து மேல்வரை எல்லாக் கம்பிகளையும் பின்னிக்கொண்டிருந்தது. அதன் வழியாக ஒரு பூனை நுழையலாம். செங்கல் மாடம் நுழையாது.

சாலையோரத்திலிருந்து மாடத்தின் காலடிவரை ஒரு பட்டையாகப் புல் வெளுத்திருந்தது. நெடுநாள் கிடந்த பலகையைத் தூக்கினால் அடியில் இருக்குமே, அந்த வெளுப்பு. மாடத்தின் அதே அகலம். மாடத்துக்கு முன்னால் மட்டும் புல் பச்சையாக இருந்தது.

குனிந்தபோது ஒரு வாசனை வந்தது. எண்ணெய் வாசனை அல்ல. மழையில் நனைந்த புத்தகப் பையின் வாசனை.

"இன்னிக்கு எங்க இருக்கோ அதுதான் கடைசி அளவு," என்றார் பொறியாளர். "நாலு மூலையிலயும் கம்பி அடிச்சிடுங்க மேடம். அப்புறம் யாராலயும் நகர்த்த முடியாது. காலையில மெஷின் வந்துடும்."

மரக்கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். சங்கிலி ஜீப்புக்குப் போனார், கம்பியும் சம்மட்டியும் எடுத்துவர. மேகம் இறங்கி, சாயங்காலம் அதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. ஆண்கள் இருவரும் கடையின் தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்கினார்கள்.

அவள் தண்ணீர் கேட்க எதிரே நடந்தாள். மரக்கடையின் காலி மனை முடியும் இடத்தில், மாடத்தைப் பார்த்தபடி ஒரு வீடு. கதவின் ஒரு பாதி மட்டும் திறந்திருந்தது. வாசலிலேயே தையல் மெஷின். மெஷினில் இருந்தவள் தண்ணீர் கொடுத்தாள். அவள் விரல்நுனிகளில் ஆறிய தழும்புகள்.

"ஊசி குத்தினதாக்கா?"

"இல்லம்மா. போன தடவை வந்தவரு அவளுக்கு முன்னாடி ஒரு இரும்புக் கம்பி அடிச்சுட்டுப் போயிட்டாரு. மழைக்காலம் முழுக்க அங்கேயே நின்னுட்டா. அழுதா." தையல்காரி மாடத்தைப் பார்த்தாள். "நான்தான் தோண்டிப் பிடுங்கினேன்."

"யாரு அழுதா?"

"வேன் விட்டதும் நேரா வீட்டுக்கு வந்துடணும், வழியில எங்கயும் நிக்கக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருந்தேன். சொன்ன பேச்சுக் கேக்கற பொண்ணு." பெடலை ஒரு மிதி மிதித்தாள். "பொது இடமா சொந்த இடமான்னு சண்டை போடறாங்க. அவளுக்கு அது வீட்டுக்கு வர்ற வழிம்மா."

அவளுக்கு உடனே அங்கிருந்து போய்விடத் தோன்றியது. போகவில்லை. தன் அம்மா ஒருநாள் சொன்னது நினைவுக்கு வந்தது. இனி இந்தப் படியை மிதிக்காதே. தானே துணையைத் தேடிக்கொண்டவளுக்கு அம்மா நட்ட எல்லைக்கல். அதற்குப் பிறகு அண்ணன் மூலமாக அம்மா எத்தனையோ முறை சொல்லியனுப்பிவிட்டாள், வரச் சொல்லு, வரச் சொல்லு என்று. இவள் போகவில்லை. கல் நகராது என்று இருந்துவிட்டாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் தையல்காரி. "இன்னும் எவ்வளவு மிச்சம்னு பாத்துச் சொல்றீங்களா? என்கிட்ட இருக்கறது சட்டை தைக்கற டேப்பு. எட்டாது."

அவள் மாடத்துக்குப் போய் ஒரு செங்கல் விளிம்பில் டேப்பின் கொக்கியை மாட்டினாள். உருளையைக் கையில் பிடித்தபடி, அவிழ்த்துக்கொண்டே வாசற்படிவரை நடந்தாள். காற்றில் டேப் தொய்ந்து படபடத்தது.

பிறகு படபடப்பு நின்றது.

டேப் விறைத்தது.

செங்கல்லின் பிடிக்கும் கையின் பிடிக்கும் வித்தியாசம் உண்டு. செங்கல் பிடித்தால் அசைவே இருக்காது. கை பிடித்தால் ஒரு நடுக்கம் இருக்கும். மூச்சு விடுகிற ஒன்று மறுமுனையில் இருப்பது உள்ளங்கைக்குத் தெரியும். அவள் உள்ளங்கைக்குத் தெரிந்தது.

சின்னக் கை.

டேப் தளர்ந்தது. பழக்கத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள். இறுகியது. மறுபடி தளர்ந்தது.

யாரும் இழுக்கவில்லை. அளந்து முடிந்ததும் டேப்பைச் சேற்றில் இழுபடவிடாமல் சங்கிலி முனையைப் பிடித்துக்கொண்டே நடந்து வருவாரே, அப்படி. மறுமுனையை யாரோ அவளிடம் கொண்டுவருகிறார்கள்.

மாடத்து விளக்கு அணைந்தது போலிருந்தது. அணையவில்லை, எதுவோ அதை மறைத்து, விலகியது.

அந்த வெளிச்சத்தில் கொக்கியைப் பார்த்தாள். அது செங்கல்லில் இல்லை. மாடத்துக்கு இப்புறம், பச்சைப் புல்லுக்கு மேல், ஒரு குழந்தை கையை நீட்டினால் இருக்கும் உயரத்தில், அந்தரத்தில் நின்றது.

ஓட வேண்டும் என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ஓடினால் டேப்பை விட வேண்டும். மறுமுனையில் இருப்பது, பெரியவர்கள் சொன்னால் சொன்னபடி பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளை.

"எவ்வளவும்மா?" பின்னாலிருந்து தையல்காரி மெதுவாகக் கேட்டாள்.

"கொஞ்சந்தான் அக்கா." தன் குரலா அது என்றிருந்தது. "கொஞ்சந்தான் மிச்சம்."

கம்பிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. சங்கிலி தோளில் சுமந்து வந்துகொண்டிருந்தார். பொறியாளர் சம்மட்டியோடு முன்னால் வந்தார்; பின்னால் மரக்கடைக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு.

"அங்க என்ன மேடம் அளக்கறீங்க? டேப்பைச் சுத்துங்க, மழை வந்துடுச்சு. முதல் கம்பியை நீங்கதான் அடிக்கணும்."

சங்கிலி நின்றார். டேப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். ஆயுள் முழுக்கப் பிடித்த கை அவருடையது. கம்பிகளைத் தோளிலிருந்து சத்தம் வராமல் தரையில் இறக்கினார்.

"மேடம்," என்றார், உதடு மட்டும் அசைய. "அந்தப் பக்கம் யாரு பிடிச்சிருக்கா?"

பொறியாளர் சம்மட்டியின் பிடியை அவள் பக்கம் நீட்டினார். சாதாரணமாக, பேனாவை நீட்டுவதுபோல. அவர் எதையும் பார்க்கவில்லை.

அவள் வாங்கவில்லை.

"இல்ல சார்," என்றாள். "நான் அடிக்கல."

பின்னால் தையல்காரி மெஷினை விட்டு எழுந்தாள். நெடுநாள் திறக்காத தாழ்ப்பாள் ஒன்று கிறீச்சிட்டு, கதவின் மறுபாதியும் திறந்தது.

அவள் கையில் டேப் மெல்லத் தளர்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றினாள்.