ஒரு சாண் குறைகிறது!

"ஐயோ... செல்லக்கண்ணு அண்ணே!"

அலறல் தரைத்தளத்துக்குக் கீழே இருந்து வந்தது.

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் எழும்பிக்கொண்டிருந்த ஹோட்டலில் பூச்சு வேலை அப்படியே நின்றது. கொத்தனார்கள் கரண்டியும் கையுமாக ஓடினார்கள். பாயிலர் ரூம் முழுக்க நீராவி! நடுவில் பைப் ஃபிட்டர் செல்லக்கண்ணு, லால்குடிக்காரர், குப்புறக் கிடந்தார்.

மூச்சு இல்லை!

சாயந்திரத்துக்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அடேயப்பா, என்ன வேகம்!

"இந்தப் பொண்ணுதான் சார்!" புராஜெக்ட் மேனேஜர் சுரேஷ்குமார் விரலை நீட்டினார்.

விரல் நீண்ட இடத்தில் லூர்துராணி. பாலக்கரைப் பெண். கட்டடம் எழும்புமுன் அதைக் கம்ப்யூட்டருக்குள் முழுசாகக் கட்டி, எந்த பைப் எந்த மெஷினில் சேர வேண்டும் என்று காட்டுவது அவள் வேலை.

"அழுத்தம் ஏறினா நீராவி ஒரு பைப் வழியா மொட்டைமாடிக்குப் போகணும் சார். இவ வரைஞ்ச பைப் பாயிலர் வாய்க்கு வந்து சேரவே இல்ல. ஒரு சாண் குறையுது! நீராவி ரூமுக்குள்ள அடிச்சு, அந்தாளு விழுந்து மண்டை உடைஞ்சு செத்தான்."

இன்ஸ்பெக்டர் ரஃபீக் அவளைப் பார்த்தார். "என்னம்மா?"

"பொய் சார்!"

"லூர்து... தண்ணி குடிம்மா." சைட் இன்ஜினீயர் நவநீதன் பாட்டிலை நீட்டினான். சாந்தமான முகம். "தெரியாம நடந்த தப்புன்னு எழுதிக் குடுத்துடு. வக்கீலை நான் பாத்துக்கிறேன்."

"எழுத மாட்டேன்!"

"ஜெயிலுக்குப் போவே!" சுரேஷ்குமார் கத்தினார்.

"போறேன். என் பைப் சரின்னு சொல்லிட்டுத்தான் போவேன்!"

லேப்டாப்பைப் படாரென்று திறந்தாள். திரையில் பாயிலர். அதைச் சுற்றிக் கலர் கலராகப் பைப்புகள்.

"மெஷின்ல பைப் சேர்ற இடத்தை கனெக்டர்னு சொல்லுவோம் சார். பைப்பைப் பக்கத்துல கொண்டுபோய் நிறுத்தினா ஒட்டின மாதிரிதான் தெரியும். நிஜமா ஒட்டியிருக்கான்னு பாக்கணும்னா... மெஷினை அசைக்கணும்!"

மௌஸால் பாயிலரை இழுத்தாள். அத்தனை பைப்பும் கூடவே நகர்ந்தன. நீராவி பைப்பும்தான்!

"ஒட்டினது கூடவே வரும் சார். ஒட்டாதது அப்படியே நிக்கும்."

"கம்ப்யூட்டர்ல ஒட்டினா ஆச்சா? கீழ ஒட்டலையே!" சுரேஷ்குமார் விடவில்லை.

"கீழயே போய்ப் பாப்போம், வாங்க!"

பாயிலர் ரூமில் டேப்பைப் பிடித்து அளந்தாள். தரையிலிருந்து, சுவரிலிருந்து... மறுபடியும் ஒருமுறை.

"பைப் நான் வரைஞ்ச இடத்துலயே இருக்கு சார். பாயிலர் வாய்தான் ஒரு சாண் எறங்கி இருக்கு. இது நாம ஆர்டர் பண்ண பாயிலரே இல்ல!"

"என்னது?!"

டேப் முனையால் பாயிலரைச் சுரண்டினாள்; பெயின்ட் உதிர்ந்து பழைய துரு தெரிந்தது. "புதுசை வித்துட்டுப் பழசுக்குப் பெயின்ட் அடிச்சு வெச்சிருக்காங்க. நேத்து செல்லக்கண்ணு அண்ணன் போன்ல சிரிச்சாரு சார். 'பாப்பா, உன் பைப்புக்கு வாயைக் காணோமே'ன்னு. விளையாடுறாருன்னு நெனச்சேன்..." அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "விஷயம் தெரிஞ்சுபோச்சுன்னு அவர் மண்டையில அடிச்சு, அப்புறம் பாயிலரைப் பத்த வெச்சு விபத்தாக்கிட்டாங்க!"

"பாயிலரை இறக்கி வாங்கினது யாரு?" ரஃபீக் கேட்டார்.

"இவர்தான்!" சுரேஷ்குமாரும் நவநீதனும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் காட்டினார்கள்.

லூர்துராணி இன்ஸ்பெக்டரின் காதருகே ஏதோ கிசுகிசுத்தாள். ரஃபீக்கின் மீசை லேசாகத் துடித்தது.

"சரி சரி! கிரேன் வந்துட்டே இருக்கு. பாயிலரைத் தூக்கிடலாம். அதுவரைக்கும் எல்லாரும் மேல போய் டீ குடிங்க!"

"தாராளமாத் தூக்குங்க! சனியன் ஒழியட்டும்!" சுரேஷ்குமார் டீக்கடைப் பக்கம் நடந்தார். சர்க்கரை தூக்கலாகச் சொன்னார்.

"எனக்கு டீ வேணாம் சார்... ஒரு போன் பேசிட்டு வரேன்." நவநீதன் நழுவினான்.

கொஞ்ச நேரம் பொறுத்து, ரஃபீக்கும் லூர்துராணியும் பூனை மாதிரிப் படியிறங்கினார்கள். பாயிலர் ரூம் இருட்டு. ரஃபீக் டார்ச்சைத் தட்டினார்.

தரையில் ஒருத்தன் மல்லாக்கப் படுத்து, பாயிலருக்கு அடியில் கையை விட்டு எதையோ இழுத்துக்கொண்டிருந்தான்.

பைப் ரெஞ்ச்! அதன் வாயில் காய்ந்த ரத்தம்!

"என்ன தம்பி... தண்ணி பாட்டிலைத் தேடுறியா?"

நவநீதன் விறைத்தான். "சார்... கிரேன் வர்றதுக்குள்ள... சுத்தம் பண்ணலாம்னு..."

"எந்தக் கிரேன்?"

சாந்தமான முகம் வெளிறிப்போனது. விலங்கு மாட்டினார் ரஃபீக்.

"பாயிலரை அசைக்கக்கூட இல்லையேம்மா!"

"அசைப்போம்னதுக்கே கூட வந்துட்டான் பாருங்க சார். ஒட்டினது கூடவே வரும்!" லூர்துராணி நவநீதன் முகத்துக்கு நேரே குனிந்தாள். "என்னை எழுதிக் குடுக்கச் சொன்னியே... இப்ப நீ எழுதுடா!"

படியில் டீ கிளாஸும் கையுமாகச் சுரேஷ்குமார். அசடு வழிந்தது.

"லூர்தும்மா... மனசுல வெச்சுக்காதே. அந்த ஒரு சாண் குறையுதுன்னதும் நான்..."

"பாயிலருக்குத்தான் சார் வாய் ஒரு சாண் குறைச்சல்... உங்களுக்கு ரெண்டு சாண் ஜாஸ்தி!"