ஒன்பதாவது சேனல்

பகல் இரண்டு மணிக்கு அந்தப் பழைய அரங்கத்தின் கதவைத் திறந்தபோது, ஈரத் துணியும் கருகிய ரப்பரும் கலந்த ஒரு வாடை அடித்தது. சவுண்டு போட வந்தவர் அதைச் சட்டை செய்யவில்லை. ஸ்பீக்கர்களை நிறுத்தினார், மிக்ஸரை மேசையில் வைத்தார், மேடையிலிருந்து வயர்களை இழுத்து வந்து சொருகினார். ஸ்விட்சைப் போட்டார்.

ம்ம்ம்ம்ம்.

கூட்டாளிகள் அவருக்கு வைத்த பெயர் சிடுமூஞ்சி. அன்று அவர் முகத்தைப் பார்த்திருந்தால் அதைவிட மோசமாக ஏதாவது வைத்திருப்பார்கள். தொண்டையில் ஆபரேஷன் ஆகி இரண்டு வருஷம் பாடாமல் இருந்த மனைவி, மாலை ஆறு மணிக்கு இந்த மேடையில் கிட்டாரோடு பாடப் போகிறாள். குரல் நூலாக இளைத்துப் போயிருக்கிறது. இந்த இரைச்சலில் அது எங்கே கேட்கப் போகிறது?

மைக் வயரை மாற்றினார். ம்ம்ம். வேறு ப்ளக்கில் சொருகினார். ம்ம்ம்ம். எதுவுமே சொருகாத ஒன்பதாவது சேனலில் பச்சை விளக்கு ஒன்று மினுக்கியது.

"உனக்கென்ன கேடு?" என்று மிக்ஸரை ஒரு தட்டு தட்டினார்.

"என்னங்க, இன்னும் ஆகலையா?" என்றாள் மேடையோரம் உட்கார்ந்திருந்த மனைவி.

"ஆகும், ஆகும். நீ பேசாதம்மா, குரலைக் காப்பாத்து."

நாலு மணிக்குத்தான் பிடிபட்டது. இரைச்சல் கிட்டாரின் ஆம்ப்ளிஃபையரிலிருந்து வருகிறது. இதற்கு இந்தத் தொழிலில் பலரும் செய்கிற, யாரும் வெளியே சொல்லாத குறுக்கு வழி ஒன்று உண்டு. ப்ளக்கைத் திறந்து எர்த் வயரை வெட்டிவிட்டால் இரைச்சல் நின்றுவிடும். கரண்ட் கசிந்தால் தரைக்குப் போக வழியிருக்காது, அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் ஒன்றும் ஆகவில்லையே!

"அண்ணே, கட்டிங் பிளேயர் இருக்கா?" என்று அரங்கத்துக் காவலாளியிடம் கேட்டார்.

"எதுக்கு சார்?"

"எர்த்தை வெட்டத்தான். உயிரை வாங்குது."

காவலாளியின் முகம் செத்துப்போனது. "இந்த மேடையில வேணாம் சார்."

"ஏன், உங்க மேடைக்கு மட்டும் கொம்பா முளைச்சிருக்கு?" பதிலுக்குக் காத்திராமல் பிளேயரைப் பிடுங்கிக்கொண்டு போய் வெட்டினார்.

அமைதி.

"அப்பாடா!" ஹெட்போனை மாட்டிக்கொண்டார். மனைவி கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடையேறினாள்.

"செக்... ஒன்..."

ஹெட்போனில் ஒரு பெண்ணின் நல்ல இளங்குரல்.

மனைவியின் குரல் இல்லை. அவள் இன்னும் மைக் பக்கமே போகவில்லை.

ஒன்பதாவது சேனலில் விளக்கு எரிந்தது. "செக்... ஒன்..." மறுபடியும் 'ஒன்'னோடு அறுந்தது. அதன் பின்னால் ஒரு திணறல். கருகிய ரப்பர் வாடை இப்போது மூக்கருகே வந்தது.

"தொட விடாதீங்க," என்றது ஹெட்போனில் அதே குரல்.

மனைவி மைக்கைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

"கையை எடு!" என்று அலறியபடி ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை இறக்கினார்.

"உங்களுக்கு என்னதாங்க ஆச்சு?" என்று அவள் எரிந்து விழுந்தாள்.

அவர் கிட்டாரை வாங்கி நாற்காலியில் வைத்துவிட்டு, அவளைக் கீழே இறக்கி, மறுபடி கரண்ட் கொடுத்தார். கிட்டார் கம்பியில் டெஸ்டரை வைத்தார்; கரண்ட் இருந்தால் அதன் விளக்கு எரியும்.

எரிந்தது.

ஒரு கை கம்பியிலும் ஒரு கை மைக்கிலும் இருந்திருந்தால்! "பாவி, நானே கொல்லப் பார்த்தேனே" என்று மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"முன்னாடியும் ஒரு பாடுற பொண்ணுதான் சார்," என்றார் காவலாளி மெதுவாக. "அன்னைக்கும் எர்த்தை வெட்டியிருந்தாங்க. மைக்கைப் பிடிச்சு 'ஒன்'னு சொல்லும்போதே..."

ஆம்ப்ளிஃபையர் வெளியே போனது. வெறும் கிட்டார், ஒரு மைக் போதும் என்று முடிவாயிற்று. மைக்கிலும் டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகே மனைவியை விட்டார். அவள் மைக்கின் முன்னால் போய் நின்றாள்.

"செக்... ஒன்..." தொண்டை அடைத்துக்கொண்டது.

ஸ்பீக்கரிலிருந்து மெல்ல வந்தது.

"டூ."

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா சொன்னீங்க?"

"ஆமாம்மா," என்றார் அவர். "நீ பாடு."

ஆறு மணிக்கு அரங்கம் நிறைந்துவிட்டது. அவர் ஒன்பதாவது சேனலை மட்டும் இறக்காமல் அப்படியே விட்டிருந்தார். மனைவி பாடினாள். இளைத்த குரல்தான், நடுநடுவே மூச்சு வாங்கியது.

அவள் மூச்சு வாங்கிய இடங்களில் பாட்டு நிற்கவில்லை.